பருவும் பன்னிரண்டு வாரமும்

இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு, ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு முன்பே தோலுக்கு அடியில் தொடங்கிவிட்டது. அப்போது அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன அடைப்பு. தோல் மருத்துவர்கள் அதற்கு மைக்ரோகொமிடோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பருவுக்கென்று அவர்கள் எழுதித்தரும் ஜெல்களில் முக்கியமானவை இந்த அடைப்பின்மீதுதான் வேலை செய்கின்றன. வெளியே வந்து சிவந்து பழுத்துவிட்ட பருவில் அவற்றுக்கு அதிக வேலை இல்லை. அடுத்த மாதமும் அதற்கு அடுத்த மாதமும் வரவிருக்கும் பருக்களைத் தடுப்பதுதான் அவற்றின் பணி. இதைச் சொல்லாமல் டியூபை மட்டும் கையில் கொடுப்பதால், நல்ல மருந்து ஒன்று பல வீடுகளில் மூன்றாம் வாரமே அலமாரிக்குப் போய்விடுகிறது.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இந்தக் கதை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் நெற்றியில் பொரிப்பொரியாக எழும்பும். பாட்டி பார்த்துவிட்டு, "மக்ளே, கஸ்தூரி மஞ்சளும் சந்தனமும் அரைச்சுப் போடு, தன்னால போயிரும்" என்பார். பிறகு எலுமிச்சைச் சாறு, பற்பசை, தோழி தந்த ஏதோ ஒரு களிம்பு. அதற்குப் பின் மெடிக்கல் ஷாப்: "அண்ணாச்சி, மூஞ்சில பருவுக்கு ஒரு டியூப் தாங்க." தோல் டாக்டரைப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் கன்னத்தில் குழி விழத் தொடங்கிய பிறகு. டாக்டர் ஒரு ஜெல் எழுதுகிறார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் மூக்கோரமும் வாயோரமும் எரிகிறது, தோல் மெல்லிதாக உரிகிறது. மூன்றாம் வாரம் புதிதாக நான்கு பரு. அம்மா சொல்லிவிடுகிறார்: "இந்த மருந்து உனக்கு ஆகாது, விட்டுரு மக்ளே." மருந்து தன் வேலையைத் தொடங்கிய அதே வாரத்தில் அது நிறுத்தப்படுகிறது.

ஏன் எரிந்தது, ஏன் உரிந்தது, ஏன் புதுப் பரு வந்தது என்பதற்கெல்லாம் தெளிவான விடைகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, பரு எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முகத்தின் ஒவ்வொரு நுண்துளையும் ஒரு முடிக்குழி. முடி மிக மெல்லியதாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அந்தக் குழியின் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது சுரக்கும் சீபம் என்ற எண்ணெய், குழி வழியாக மேலே வந்து தோலை ஈரப்பசையோடு வைத்திருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகிறது. பெண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு. அதே நேரத்தில் குழியின் உள்சுவரில் உதிர வேண்டிய செல்கள், உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. குழிக்குள் எப்போதும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று குறைந்த, எண்ணெய் நிறைந்த இந்த இடம் மிகவும் பிடிக்கும். 2016 வரை இதற்கு ப்ரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அது பெருகும்போது உடலின் எதிர்ப்புச் செல்கள் அங்கே திரண்டு வருகின்றன. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அதன் பிறகுதான். அடைப்பு மேல்வாயில் திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கருப்பு அழுக்கு இல்லை. நிறமியும் எண்ணெயும் காற்றுபட்டுக் கறுப்பதால் வருவது. சோப்பு போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் அது போகாததற்குக் காரணம் இதுதான். அதிகம் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

பருவை ஏதோ ஒழுங்கீனத்தின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. உலகில் மிகப் பரவலான நோய்களின் வரிசையில் அது எட்டாவது இடத்தில் இருப்பதாக 2010ஆம் ஆண்டின் உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது, மக்கள்தொகையில் 9.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்காரும் ஒரு பிள்ளை, கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது விலகிக்கொள்ளும் ஒரு பெண், இவர்கள் துன்பம் சிறியது என்று யாரும் சொல்ல வேண்டாம். "வயசுக் கோளாறு, தன்னால போகும்" என்கிற ஆறுதல் பலருக்குச் சரிதான். ஆனால் அது போகும்வரை விழும் தழும்பு தன்னால் போவதில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். இதன் வரலாற்றில் ஓரிடத்தில் வைட்டமின் ஏ இருக்கிறது. அது நம் கடற்கரைக்கும் பழக்கமான சத்துதான். இரையுமன்துறை முதல் நீரோடி வரையுள்ள தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். சுறாவின் ஈரலில் வைட்டமின் ஏ நிரம்பியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, மேற்குக் கரையில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் எழுந்ததும் அதனால்தான். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மருத்துவர்கள் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தவர்களின் தோலில் முடிக்குழிகள் கெட்டியாக அடைத்துச் சொரசொரப்பாகின்றன. அப்படியானால் அந்த வைட்டமினைக் கூடுதலாகக் கொடுத்தால் பருவின் அடைப்பும் நெகிழாதா? 1943இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்ட்ராம்ஃபோர்ட் அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்து எழுதினார். பருவுக்குப் பயன்படும் அளவுக்குக் கொடுத்தால், கல்லீரலுக்கும் மூளைக்கும் நஞ்சாகும் அளவை அது நெருங்கிவிடும் என்பது பின்னால் தெளிவானது. மீன் எண்ணெய் மாத்திரையை அள்ளி விழுங்கிப் பருவைப் போக்கலாம் என்று இன்றும் நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வாயால் கொடுக்க முடியாததைத் தோலில் பூசினால் என்ன என்று அடுத்து யோசித்தார்கள். ஜெர்மனியில் குந்தர் ஸ்ட்யூட்கன் 1962இல் வைட்டமின் ஏ அமிலத்தைத் தோல் நோய்களுக்குப் பூசிப் பார்த்தார். பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மன் அதைப் பருவுக்கான மருந்தாக 1969இல் வெளியிட்டார். ட்ரெட்டினாயின் என்ற பெயரில் அது 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வெற்றிக்குப் பின்னால் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. க்ளிக்மனின் பரிசோதனைகள் பல, ஹோம்ஸ்பர்க் சிறையின் கைதிகள்மீது நடந்தவை. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவர்களில் பலருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. 1974இல்தான் அது நின்றது. இன்று குளிரூட்டிய கடையில் விற்கும் டியூபின் வரலாற்றில் அந்த மனிதர்களின் தோலும் இருக்கிறது.

இந்த மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது 1987 வரை புதிர். அந்த ஆண்டு பிரான்சில் பியர் ஷாம்போனின் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸின் குழுவும், செல்லின் உட்கருவில் வைட்டமின் ஏ அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருப்பதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. மருந்து அந்த ஏற்பியில் போய் அமர்ந்ததும், எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதே மாறுகிறது. முடிக்குழிச் சுவரின் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் முறைப்படி உதிரத் தொடங்குகின்றன. ஏற்பியில் பல வகை உண்டு என்று தெரிந்த பிறகு, பருவுக்கு வேண்டியவற்றை மட்டும் தேடிப் பற்றும்படி ஒரு புது மூலக்கூறைச் செய்தார்கள். அதுதான் அடாபலீன். 1996இல் அமெரிக்காவில் 0.1 சதவீத ஜெல்லாக அனுமதி பெற்ற அது, ட்ரெட்டினாயினைவிடக் குறைவாக எரிக்கும். வெளிச்சத்தில் சிதையாது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தாலும் கெடாது. 2016 முதல் அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இந்தியாவில் மருத்துவச் சீட்டு வேண்டும். நம் ஊர்த் தோல் டாக்டர்கள் அதிகமாக எழுதும் ஜெல்களில் இதுவும் ஒன்று.

செல்கள் உதிரும் முறையே மாறுகிறது என்று சொன்னேன் அல்லவா, முதல் மாதத்துத் தொல்லைகள் அனைத்தும் அதிலிருந்து வருபவைதான். முடிக்குழிக்குள் மட்டும் மருந்து நிற்பதில்லை, தோலின் மேல்பரப்பிலும் அதே மாற்றத்தை உண்டாக்குகிறது. அதனால் உரிதல், இறுக்கம், எரிச்சல். மூக்கோரமும் வாயோரமும் தோல் மெல்லியது. மருந்து தங்கும் மடிப்புகளும் அங்கேதான், ஆகவே முதலில் எரிவது அங்கே. முதல் நான்கு வாரம்தான் இது கடுமையாக இருக்கும், பிறகு தோல் பழகிக்கொள்ளும். மூன்றாம் வாரத்துப் புதுப் பருக்களில் பெரும்பாலானவை, மருந்து தொடங்குமுன்பே அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றவை. மருந்து அவற்றை உண்டாக்கவில்லை. தோலின் மேலடுக்கு முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதையும், அடைப்பு பருவாக முதிர இரண்டு மாதம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மருத்துவர்கள் 12 வாரம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். கண் வீங்கினால், முகம் தடித்துக் கொப்புளம் கண்டால் கதை வேறு. அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

பூசும் முறையிலேயே பாதி எரிச்சலைத் தவிர்த்துவிடலாம். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவுகிறார்கள், பிறகு அது போகவில்லை என்று வருந்துகிறார்கள். பரு வரும் பகுதி முழுவதும் பூசினால்தான், இன்னும் தெரியாத அடைப்புகளுக்கு மருந்து போய்ச் சேரும். ஆனால் அளவு மிகக் குறைவு: முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணம் எரிச்சலைத்தான் கூட்டும். இரவில், முகம் கழுவி, ஈரம் முழுதாக உலர்ந்த பிறகு பூச வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வறண்டால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை முன்னாலோ பின்னாலோ தடவலாம். மருந்தின் பலன் அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. ஜெல் என்ற வடிவம் எண்ணெய் முகத்துக்கும், இரண்டு பருவமழையும் பெய்து எப்போதும் ஈரம் கனக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒத்துப்போகும். வறண்ட முகத்துக்கு அதே மருந்து க்ரீமாகவும், மருந்தை நுண்மணிகளுக்குள் அடைத்து மெதுவாக வெளிவிடும் வகையாகவும் கிடைக்கிறது. எரிகிறது என்றால் வேறு வடிவம் கேளுங்கள், மருந்தையே விடாதீர்கள்.

சீட்டில் இன்னும் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று பென்சாயில் பெராக்சைடு. அது குழிக்குள் ஆக்சிஜனை வெளியிட்டுப் பாக்டீரியாவைக் கொல்கிறது. இத்தனை ஆண்டுகளில் பாக்டீரியா அதை எதிர்த்து நிற்கப் பழகவில்லை என்பது அதன் பெருமை. 2.5 சதவீதம் போட்டாலே 10 சதவீதத்துக்கு நிகரான பலன் கிடைக்கும், எரிச்சல் குறையும் என்று 1986லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அது துணியின் சாயத்தை உரித்துவிடும். தலையணை உறையும் கலர் துண்டும் திட்டுத்திட்டாக வெளுத்துப்போன வீடுகளில், மருந்தில் ஏதோ ஆசிட் இருக்கிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. வெள்ளைத் தோர்த்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இந்த டியூபை வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. சூட்டில் சிதைந்தால் அதிலிருந்து பென்சீன் உண்டாகும். மற்றொன்று க்ளின்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். அதைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். பருப் பாக்டீரியா ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்த்து நிற்பதை 1970களின் இறுதியிலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே க்ளின்டமைசின் ஜெல்லை மட்டும் வாங்கி வருடக்கணக்கில் பூசும் பழக்கம் தவறு. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பூச வேண்டும்.

பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல்லை 12 வாரம் பூசிய பெரிய ஆய்வுகளில், நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கு முகம் தெளிந்தது அல்லது தெளியும் அளவுக்கு வந்தது. மருந்தில்லாத வெற்று ஜெல்லைப் பூசியவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 10 பேர். பருக்களின் எண்ணிக்கை என்று பார்த்தால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்த எண்களை நான் நம்பிக்கையூட்டுபவையாகவே பார்க்கிறேன், ஏனென்றால் இவை 12 வாரத்துக் கணக்கு. அடாபலீனை ஓராண்டு தொடர்ந்து பூசியவர்களிடம் முன்னேற்றம் மேலும் கூடிக்கொண்டே போனது. ஆனால் இரண்டு டியூபில் முகம் பளிங்காகிவிடும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினால் ஏமாற்றம் நிச்சயம். ஆழமான கட்டிகள், தழும்பு விழும் பருக்கள் ஜெல்லுக்குக் கட்டுப்படா. அவற்றுக்கு மாத்திரை வேண்டும். தாடையோரம் மட்டும் பருக்கள் குவிந்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருக்கும் பெண்களுக்கு ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

நெற்றியில் வரிசையாகப் பொரிந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது எண்ணெயைப் பற்றி. தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைப்பது நாஞ்சில் நாட்டில் உடம்போடு ஒட்டிய வழக்கம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கூந்தல் களிம்பு பூசுகிறவர்களுக்கு நெற்றியிலும் பொட்டிலும் வரும் தனிவகைப் பருவை க்ளிக்மனும் அவருடன் இருந்தவர்களும் 1970இலேயே விவரித்திருக்கிறார்கள். முயல் காதில் செய்த சோதனைகளில், குழியை அடைக்கும் பொருள்களின் பட்டியலில் தேங்காய் எண்ணெய் மேலேயே நின்றது. முயல் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைபடும் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் பருப் பாக்டீரியாவைக் கொல்லும் என்று 2009இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியதும் உண்மை. ஆய்வுக்கூடத்துத் தட்டில் கொல்வது வேறு, இரவெல்லாம் நெற்றியில் வழிந்து குழியை மூடுவது வேறு. குளிக்கப் போகும் முன் தேய்த்து அலசிவிடுங்கள், இரவு படுக்கும்போது வைக்காதீர்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

உணவைப் பற்றிக் கேட்காத தாய் இல்லை. இதில் சுவாரசியமான ஓர் ஊர் இருக்கிறது. பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் 1200 பேரைப் பரிசோதித்து, அவர்களில் ஒருவருக்கும் பரு இல்லை என்று லோரன் கோர்டெய்ன் குழுவினர் 2002இல் வெளியிட்டார்கள். 15 முதல் 25 வயதுக்குள் இருந்த 300 பேரும் அதில் அடக்கம். அவர்கள் சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்காய். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தின்று வளர்ந்த நமக்கு அது நம் வீட்டுப் பட்டியல்போலவே கேட்கும். ஆகவே மீனும் தேங்காயும் தின்றால் பரு வரும் என்று பிள்ளைக்குத் தட்டில் குறைக்க வேண்டாம். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு என்பதால் தீவின் கதையை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவைக் குறைத்தவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. பேக்கரிப் பண்டம், குளிர்பானம், மைதா, ஜிம்முக்குப் போகும் பையன்கள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன் பொடி ஆகியவற்றைக் குறைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. ஜெல்லுக்கு அது துணை, மாற்று ஆகாது.

ஈரக்காற்று ஊரில் மற்றொரு குழப்பமும் நடக்கிறது. நெற்றியிலும் முதுகிலும் மார்பிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாகப் பொரிந்து, அரிப்பும் இருந்தால் அது பரு இல்லாமல் இருக்கலாம். மலாசீசியா என்ற பூஞ்சை முடிக்குழியில் பெருகுவதாலும் அப்படி வரும். ஆன்டிபயாட்டிக் ஜெல் போட்டால் அது கூடும், பூஞ்சை மருந்துக்கு அடங்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சரியான டியூப் உங்கள் மகனுக்கு ஆகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நிறத் தோலுக்குப் பருவைவிடப் பெரிய கவலை, பரு போன பிறகு நிற்கும் கருந்தழும்பு. அழற்சி ஏற்பட்ட இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. பருவைக் கிள்ளினால் அது இன்னும் ஆழமாகும். அடாபலீனோ ட்ரெட்டினாயினோ உள்ள ஜெல்லை விடாமல் பூசினால் இந்தக் கருமையும் மெல்ல வெளுக்கும், ஆனால் எரிச்சல் வரும் அளவுக்குப் பூசினால் புதிய கருமை விழும். வெயிலும் அதைக் கூட்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை வடக்கே. ஆடிச் சாரல் மூடிய நாளிலும் புறஊதாக் கதிர் முழுதாக நின்றுவிடுவதில்லை. பகலில் சன்ஸ்கிரீன் போடுவது ஆடம்பரம் இல்லை, அது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி.

இந்தக் கருமையைச் சீக்கிரம் போக்கும் ஆசையில்தான் மிகப் பெரிய கெடுதல் நுழைகிறது. சீட்டு இல்லாமல் கேட்பவருக்குச் சில இடங்களில் கிடைக்கும் டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது ரத்தக் குழாயைச் சுருக்கி அழற்சியை அமுக்கிவிடுவதால், இரண்டு மூன்று நாளிலேயே பரு அடங்கும், முகம் வெளுக்கும். 12 வாரம் காத்திருக்கச் சொல்லும் ஜெல் இதன் முன்னால் தோற்றுப்போகிறது. சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வலைபோல் தெரிந்து, கன்னத்தில் முடி வளர்ந்து, முன்னைவிட மோசமான பரு வெடிக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் நிறுத்தவும் முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அதன் பாதிப்பு இருந்தது. அதிகம் காணப்பட்ட பாதிப்பு பருவேதான். தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பெயரில்லாத வெண்மைக் க்ரீம்களின் கதை இதைவிட மோசம்: மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் அத்தகைய க்ரீம் பூசியவர்கள். அவற்றில் பாதரசம் இருந்தது.

எனவே மருந்துக்கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பருவுக்கு என்று பிள்ளைகள் வந்து நின்றால், தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. மருத்துவர்களே, ஜெல்லை எழுதும்போது இரண்டு வரி கூடுதலாகச் சொல்லுங்கள்: முதல் மாதம் எரியும், மூன்றாம் மாதம் பாருங்கள் என்று. ஜெல்லைப் பூசுகிறவர்கள் முதல் நாளே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், 12 வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அடாபலீனும் ட்ரெட்டினாயினும் அந்தக் காலத்தில் கூடாது. வீட்டில் இருக்கும் டியூபைத் திருப்பி அதில் அச்சிட்டுள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபீட்டசோல் என்று ஏதாவது இருந்தால் பருவுக்கு அதைப் பூசாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவிட்டவர்கள் நீங்களாக எதையும் முடிவு செய்யாமல், அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள்.